ஹை சேர்: முதலில் பெல்ட், பிறகு சாப்பாடு

குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்து சாப்பாடு தொடங்கியதும் பல வீடுகளில் ஹை சேர் வந்து இறங்கிவிடுகிறது. இடுப்பில் வைத்துக்கொண்டு காக்கா குருவி காட்டி ஊட்டுவதைவிட, ஓடுகிற பிள்ளையின் பின்னால் கிண்ணத்தோடு அலைவதைவிட இது எவ்வளவோ மேல். நிமிர்ந்து உட்கார்ந்து, சாப்பாட்டைப் பார்த்துச் சாப்பிடும் குழந்தைக்குப் புரையேறுவதும் குறைவு. ஆனால் அந்த நாற்காலியில் குழந்தையின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றடி உயரத்தில் இருக்கிறது. நம் வீடுகளில் கீழே இருப்பதோ டைல்ஸ், கிரானைட், மொசைக். இந்த வயதில் உடம்பின் அளவோடு பார்த்தால் தலை கனம் என்பதால், விழுந்தால் பெரும்பாலும் தலைதான் முதலில் தரையில் மோதும்.

அமெரிக்காவில் 2003 முதல் 2010 வரையான மருத்துவமனை அவசரப் பிரிவுப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். 3 வயதும் அதற்குக் குறைவுமான குழந்தைகளில், ஹை சேரால் காயம்பட்டு வந்தவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 9,400 பேருக்கும் மேல். அந்தக் காயங்களில் 93 சதவீதம் கீழே விழுந்ததால் வந்தவை. விழுவதற்கு முன் குழந்தை என்ன செய்தது என்று குறிப்பிட்டிருந்த பதிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு, நாற்காலியில் எழுந்து நின்றது அல்லது ஏற முயன்றது. சரியாகப் போட்ட பெல்ட்டோடு எந்தக் குழந்தையாலும் எழுந்து நிற்க முடியாது. அதனால்தான் இங்கே பெல்ட்டைப் பற்றி மற்ற எதையும்விட அதிகமாகச் சொல்லியிருக்கிறோம்.

எப்போது உட்காரவைக்கலாம்?

மாதக்கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். தலை ஆடாமல் நிற்க வேண்டும். தரையில் உட்காரவைத்தால் கொஞ்ச நேரமாவது பிடிப்பில்லாமல் உட்கார வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் ஆறு மாதத்தை ஒட்டி இந்த நிலைக்கு வருகிறார்கள். சிலருக்கு இன்னும் சில வாரம் ஆகலாம். பக்கவாட்டில் லேசாகச் சாய்கிறது என்றால் இடுப்பின் இரண்டு பக்கமும் சின்னத் துண்டைச் சுருட்டி வைக்கலாம். முதுகுக்குப் பின்னால் தலையணை வேண்டாம். அது குழந்தையை முன்னால் தள்ளும்; பிறகு தலையணை நழுவினால் பெல்ட் தொளதொளவென்று ஆகிவிடும்.

வாங்கும்போது

கடையில் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து இடத்தில் பிடிக்கும் பெல்ட் வேண்டும். தோளில் வரும் பட்டை இல்லாமல் இடுப்பையும் கால் நடுவையும் மட்டும் பிடிக்கும் மூன்று முனை பெல்ட், உட்கார மட்டும் தெரிந்த குழந்தைக்குப் போதலாம். பத்து மாதத்தில் திரும்பி முட்டி போட முயலும்போது போதாது. இடுப்பைச் சுற்றி மட்டும் வரும் ஒற்றைப் பட்டை உள்ளதை வாங்கவே வேண்டாம்.

கால்களுக்கு நடுவே வரும் பட்டை எதற்கு என்று பலருக்குத் தெரிவதில்லை. அது இல்லாவிட்டால் குழந்தை வழுக்கிக் கீழே இறங்கும். இடுப்பு ட்ரேயின் அடியில் போய்விடும், கழுத்து ட்ரேயிலோ இடுப்புப் பட்டையிலோ மாட்டிக்கொள்ளும். விழுந்தால் சத்தம் கேட்கும். கழுத்து மாட்டினால் சத்தமே வராது. இருக்கையோடு சேர்ந்த நடுத்தண்டும் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்து கால்கள். மேலே இருக்கும் இருக்கையைவிடக் கீழே நான்கு கால்களும் நன்றாக விரிந்து நிற்க வேண்டும். இருக்கையின் முதுகைப் பிடித்துப் பின்பக்கமும் பக்கவாட்டிலும் தள்ளிப் பாருங்கள்; லேசாகத் தள்ளியதும் கால் தூக்குகிறதென்றால் அடுத்த கடைக்குப் போகலாம். மடக்கும் வகை என்றால், விரித்த பிறகு பூட்டு தானாக விழுகிறதா, அழுத்தினால் மட்டும் விடுகிறதா என்று பாருங்கள். சக்கரம் இருந்தால் அதற்குப் பூட்டு இருக்க வேண்டும். ஐரோப்பாவின் ஈஎன் 14988, அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்404 ஆகியவை ஹை சேருக்கென்றே உள்ள தரக் குறியீடுகள். அட்டைப் பெட்டியிலோ இருக்கையின் அடியிலோ இவற்றில் ஒன்று அச்சிட்டிருந்தால் நல்லது.

உறவினர் வீட்டிலிருந்து வரும் பழைய நாற்காலியில் தவறே இல்லை, மூன்றைச் சரிபார்த்துவிட்டால். பெல்ட்டின் ஐந்து முனைகளும் இருக்கின்றனவா (கழுவக் கழற்றிய பட்டை எங்கேயாவது போயிருக்கும்), ட்ரே இரண்டு பக்கமும் பூட்டுகிறதா, பிளாஸ்டிக்கில் வெடிப்பு உண்டா. மொட்டை மாடியிலோ பால்கனியிலோ வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் நிறம் வெளுத்து மொறுமொறுப்பாகிவிடும். பார்க்க முழுசாகத் தெரிந்தாலும் எடை ஏறியதும் உடையும். அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கே போடுவது

சுவரையும் சாப்பாட்டு மேசையையும் விட்டுத் தள்ளிப் போடுங்கள். குழந்தை காலை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் மேசை விளிம்போ சுவரோ இருந்தால், அதில் பாதத்தை ஊன்றி ஒரு உந்து உந்தும். நாற்காலி குழந்தையோடு அப்படியே பின்னால் சாயும். பெல்ட் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் இதைத் தடுக்காது. இப்படி உந்தும் பழக்கம் எட்டு ஒன்பது மாதத்தில் விளையாட்டாகத் தொடங்கும்.

ஜன்னல், பால்கனிக் கதவு, சுவிட்ச் போர்டு, திரைச்சீலைக் கயிறு, மிக்ஸி ஒயர், அடுப்பு மேடை, எதுவும் கை எட்டும் தூரத்தில் இருக்கக்கூடாது. கை எட்டும் தூரம் என்பதை உங்கள் கண்ணால் அளக்காமல், குழந்தை முன்னால் வளைந்து கையை முழுதாக நீட்டினால் எதுவரை போகும் என்று ஒருமுறை உட்காரவைத்தே பாருங்கள். நினைத்ததைவிடத் தூரம் போகும். மேசை விரிப்பு தொங்கினால் அதைப் பிடித்து இழுக்கும். மேலே இருக்கும் சாம்பார் கிண்ணம் மடியில் விழும். ஹை சேர் வந்த வீட்டில் இரண்டு வருடம் மேசை விரிப்பு வேண்டாம்.

தரை ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டுப் போடுங்கள். நான்கு கால்களின் அடியிலும் ரப்பர் புஷ் இருக்க வேண்டும். ஒன்று கழன்று போனாலும் நாற்காலி ஆடும். சிந்துவதைப் பிடிக்கக் கீழே பிளாஸ்டிக் ஷீட் விரிப்பவர்கள், நான்கு கால்களும் ஷீட்டின் மேல் வரும்படி பெரிதாக விரியுங்கள். இரண்டு கால் மேலே, இரண்டு வெளியே என்றால் ஷீட் நழுவும்போது நாற்காலியும் நகரும்.

உட்காரவைக்கும் வரிசை

இந்த வரிசையை வீட்டில் ஊட்டும் எல்லோரும், பாட்டி, தாத்தா, வேலைக்கு வரும் அக்கா உட்பட, ஒரே மாதிரி செய்தால் நல்லது.

1. சாப்பாடு, தண்ணீர், துடைக்கும் துணி, இன்னொரு ஸ்பூன் எல்லாவற்றையும் முதலில் எடுத்து உங்கள் பக்கத்தில் வையுங்கள். உட்காரவைத்த பிறகு எழுந்து போகிற வேலை எதுவும் மிச்சம் இருக்கக்கூடாது.

2. சக்கரத்தைப் பூட்டுங்கள். மடக்கும் பூட்டு விழுந்திருக்கிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள்.

3. ட்ரேயைக் கழற்றுங்கள், அல்லது கடைசிவரை முன்னால் இழுங்கள். ட்ரேயின் மேலாகத் தூக்கிக் குழந்தையை உள்ளே இறக்கினால் கால் மாட்டிக்கொள்ளும்.

4. குழந்தையின் அடிமுதுகு இருக்கையின் முதுகில் ஒட்டும்வரை பின்னால் தள்ளி உட்காரவையுங்கள். இங்கே இரண்டு அங்குலம் இடைவெளி விட்டால் பெல்ட்டை எவ்வளவு இழுத்தாலும் பிறகு தளரும்.

5. கால் நடுப் பட்டை, இடுப்பு, தோள் என்று போட்டு பக்கிளை மாட்டுங்கள். ‘கிளிக்’ கேட்டால் போதாது. பட்டையைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

6. பட்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவே உங்கள் இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும். மூன்று விரல் நுழைந்தால் தளர்வு. தோளில் போட்ட பட்டை நழுவி முழங்கைக்கு வந்தாலும் தளர்வுதான்.

7. கடைசியாக ட்ரே. இரண்டு பக்கமும் பூட்டு விழுந்ததா என்று உங்கள் பக்கம் இழுத்துப் பாருங்கள். பூட்டும்போது குழந்தையின் விரல்கள் ட்ரேயின் ஓரத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

“ரெண்டு வாய்தானே, ட்ரேதான் இருக்கே, பெல்ட் எதுக்கு?” என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். ட்ரே தட்டு வைக்கத்தான். குழந்தையைப் பிடிக்க அதை வடிவமைக்கவில்லை. ஒரு வயதுக் குழந்தை இரண்டு கையையும் ஊன்றி எழுந்தால் ட்ரே அதற்கு ஏறும் படியாகிவிடும். பெல்ட் போட்டதும் அழுகிறதென்றால், முதல் வாரம் அழும். காரில் சீட் பெல்ட் போல எப்போதும் உண்டு என்றால் பழகிவிடும். சில நாள் போட்டு, சில நாள் விட்டால்தான் ஒவ்வொரு வேளையும் சண்டையாகும்.

தடித்த ஸ்வெட்டர், பஞ்சு வைத்த ஜாக்கெட் போட்டிருந்தால் கழற்றிவிட்டுப் பெல்ட் போடுங்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது பட்டையின் நீளத்தைச் சரிபார்க்க வேண்டும்; இரண்டு மூன்று மாதத்தில் தோளில் வரும் பட்டை நுழையும் துளையை மேலே மாற்ற வேண்டி வரலாம்.

பாதம் எதன் மேல் இருக்கிறது?

காலைத் தொங்கவிட்டு உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து நீங்கள் சாப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் நெளியத் தொடங்குவீர்கள். குழந்தையும் அதேதான் செய்கிறது: நெளிகிறது, வழுக்குகிறது, ஒரு காலை மடக்கி மேலே கொண்டுவந்து எழப் பார்க்கிறது. பாதம் தட்டையாகப் பலகையில் ஊன்றி, முட்டியும் இடுப்பும் கிட்டத்தட்ட செங்கோணத்தில் இருந்தால் உடம்பு நிலையாக நிற்கும். மெல்லுவதிலும் விழுங்குவதிலும் கவனம் போகும். நார்வேயைச் சேர்ந்த பீட்டர் ஓப்ஸ்விக் 1972இல் வடிவமைத்த டிரிப் டிராப் நாற்காலியில் இருக்கையையும் கால்பலகையையும் குழந்தை வளர வளரக் கீழே இறக்கிக்கொண்டே போகலாம். அதன் விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் கால்பலகையை இரண்டு மூன்று உயரத்தில் மாற்ற முடிகிற சாதாரண நாற்காலிகளும் கிடைக்கின்றன. பலகையே இல்லாத நாற்காலி ஏற்கெனவே இருந்தால், முன்கால்கள் இரண்டுக்கும் குறுக்கே அகலமான உறுதியான துணிப்பட்டையைச் சரியான உயரத்தில் இறுக்கிக் கட்டலாம். முடிச்சு பின்பக்கம் இருக்கட்டும், நுனி தொங்கக்கூடாது.

தட்டில் என்ன, எப்படி

சூடான எதுவும் ட்ரேயில் வேண்டாம். உங்கள் காபி டம்ளரும்தான். கொதிக்கிற ரசத்தைக் குழந்தையின் தலைக்கு மேலாகக் கை மாற்றாதீர்கள். சுற்றிப் போய் வையுங்கள்.

ட்ரேயில் ஒரே நேரத்தில் நாலைந்து துண்டு போதும். குவித்து வைத்தால் இரண்டு கையாலும் வாயில் அடைத்துக்கொள்ளும். இட்லியை உதிர்த்துக் கொஞ்சம் பருப்புத் தண்ணீரிலோ நெய்யிலோ நனைத்துக் கொடுங்கள். காய்ந்த இட்லியும் ரொட்டியும் மேலண்ணத்தில் மாவு உருண்டையாய் ஒட்டும். திராட்சையை நீளவாக்கில் நான்காகக் கீறுங்கள். குறுக்கே வெட்டினால் துண்டு உருண்டையாகவே இருக்கும், மூச்சுக்குழாயை மூடி போட்டது போல அடைக்கும். ஆப்பிளும் கேரட்டும் வேகவைத்து, விரலால் நசுங்குகிற பதத்தில். வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முந்திரி, முறுக்கு, பாப்கார்ன், தேங்காய்ப் பத்தை, கல்கண்டு, ஜெல்லி மிட்டாய் ஆகியவை நான்கு வயதுவரை வேண்டாம். சுண்டல் என்றால் தோல் நீக்கி மசித்துத்தான். மீனை வெளிச்சத்தில் விரலால் பிசைந்து முள் பாருங்கள். தாளிப்பில் வரும் கறிவேப்பிலையையும் காய்ந்த மிளகாய்த் துண்டையும் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் கிண்ணத்தில் போட வேண்டும். கறிவேப்பிலை சிறு தொண்டையில் தட்டையாக ஒட்டிக்கொண்டு திணறவைக்கும். தேன் ஒரு வயதுக்குள் ஒரு சொட்டும் கூடாது. அதில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து விஷத்தை உண்டாக்கும்.

சாப்பிடும்போது இருக்கையைச் சாய்க்காதீர்கள். ஃபோனைக் காட்டி ஊட்டுவதையும் தவிர்க்கலாம். படம் பார்க்கும் குழந்தை வாயில் இருப்பதை மெல்ல மறந்து அப்படியே வைத்திருக்கும், சிரிக்கும்போது உள்ளே இழுக்கும்.

தொண்டையில் அடைத்தால்

ஓக்கரிப்பதும் அடைப்பதும் வேறு வேறு. ஓக்கரிக்கும் குழந்தை சத்தம் போடும், இருமும், முகம் சிவக்கும். தானே வெளியே தள்ளிவிடும். பக்கத்தில் இருந்து பாருங்கள், வாயில் விரல் விடாதீர்கள். அடைத்த குழந்தைக்கு அழுகை வராது, இருமல் வராது, உதடு நீலமாகும். உடனே பக்கிளைக் கழற்றித் தூக்குங்கள். நாற்காலியில் வைத்தபடி முதுகில் தட்டுவதால் பயனில்லை. இதற்காகவே வீட்டில் எல்லோரும் பக்கிளைப் பார்க்காமல் ஒரு கையால் கழற்றப் பழக வேண்டும்.

ஒரு வயதுக்குள்: முன்கையின் மேல் குப்புறப் படுக்கவைத்து, தலை நெஞ்சைவிடத் தாழ்ந்து இருக்கும்படி, தாடையை விரல்களால் தாங்குங்கள். தொண்டையை அழுத்தக்கூடாது. தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, மார்பின் நடுவில், முலைக்காம்புகளுக்குச் சற்றுக் கீழே 5 அழுத்து. மாறி மாறிச் செய்யுங்கள்.

ஒரு வயதுக்கு மேல்: முன்னால் குனியவைத்து முதுகில் 5 தட்டு. பிறகு பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்கும் நெஞ்செலும்பின் நுனிக்கும் நடுவே முஷ்டியை வைத்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 முறை அழுத்துங்கள். ஒரு வயதுக்குள் வயிற்றை இப்படி அழுத்தவே கூடாது, ஈரலுக்கு அடிபடும்.

ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும், இலங்கையில் 1990. நினைவு தப்பினால் கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்தி சிபிஆர் (நெஞ்சை அழுத்தி, வாயால் மூச்சு ஊதும் உயிர்காக்கும் முதலுதவி) தொடங்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற பொருளை மட்டும் எடுங்கள். தெரியாமல் விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போகும். தண்ணீர் கொடுக்காதீர்கள். வயிற்றை அழுத்தி வெளியே வந்திருந்தால், குழந்தை சிரித்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். எழுத்தில் படிப்பதைவிட, முதலுதவிப் பயிற்சியில் பொம்மையை வைத்து ஒருமுறை செய்து பழகுவதே கைக்கு வரும்.

சாப்பிட்டு முடித்த அந்த அரை நிமிடம்

உட்காரவைக்கும்போது எல்லோரும் கவனமாக இருப்பார்கள். இறக்கும்போதுதான் கோட்டை விடுவோம். வாய் துடைக்க வசதியாகப் பெல்ட்டைக் கழற்றியாயிற்று, ட்ரேயையும் எடுத்தாயிற்று. அதைச் சிங்கில் போட இரண்டு அடி திரும்புகிறோம். குழந்தையைப் பிடிக்க இப்போது ஒன்றுமே இல்லை. தூக்குவார்கள் என்று எதிர்பார்த்து அதுவும் கையை நீட்டி முன்னால் சாய்ந்திருக்கிறது.

ஆகவே வரிசை இது: பெல்ட் போட்டபடியே வாயையும் கையையும் துடையுங்கள். தட்டு, ட்ரே எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். கை இரண்டும் காலியாக, குழந்தைக்கு நேர் எதிரே வந்து நின்ற பிறகு பக்கிளைக் கழற்றுங்கள். பட்டையில் கால் மாட்டவில்லையே என்று பார்த்து, அக்குளில் இரண்டு கையும் கொடுத்துத் தூக்குங்கள். பெல்ட் கழன்ற கணத்திலிருந்து குழந்தை மேல் ஒரு கை இருக்க வேண்டும். காலிங் பெல் அடித்தால் மீண்டும் மாட்டிவிட்டுப் போகாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள்.

சாப்பிட இருபது நிமிடம் போதும். தட்டைத் தள்ளுவது, முதுகை வில்லாக வளைப்பது, பெல்ட்டைப் பிடித்து இழுப்பது எல்லாம் ‘போதும்’ என்பதற்கான அடையாளம். அதற்குமேல் உட்காரவைத்து ஊட்டினால் ஏறத்தான் பார்க்கும். சமைக்கும்போது குழந்தை ஓரிடத்தில் இருக்கட்டும் என்று ஹை சேரில் வைப்பதும் இதனால்தான் சரிவராது.

பக்கிளுக்குள் காயும் தயிர்சாதம்

பக்கிள் கெடுவது பெரும்பாலும் உடைந்து அல்ல, சோற்றால். தயிர்சாதமும் ராகிக் கூழும் பக்கிளின் வாய்க்குள் இறங்கிச் சிமெண்டு போலக் காய்ந்துவிடும். அப்புறம் பக்கிளின் நாக்கு பாதிதான் உள்ளே போகும். பார்க்க மாட்டியது போலவே தெரியும், குழந்தை ஒரு உதை உதைத்தால் கழன்றுகொள்ளும். இன்னும் மோசமாக, அவசரத்துக்கு அழுத்தினால் விடாது. வாரம் ஒருமுறை பக்கிளை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் உள்ளே தேயுங்கள். கத்தி, ஊசி வேண்டாம். எண்ணெய் விடவும் வேண்டாம், அதில் அழுக்கு இன்னும் சேரும். பட்டையைச் சாதாரண சோப்பில் அலசி நிழலில் காயவையுங்கள். பிளீச்சிங் போட்டால் நூல் வலுவிழக்கும்.

மாதம் ஒருமுறை நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு எல்லா ஸ்குரூவையும் முடுக்குங்கள்.

விழுந்துவிட்டால்

உடனே அழுது, பிறகு அடங்கி, வழக்கம்போல் விளையாடினால் வீட்டில் வைத்துக் கவனிக்கலாம். ஆனால் நினைவு தப்பியது, ஒன்றுக்கு மேற்பட்ட முறை வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், மூக்கு அல்லது காதிலிருந்து தண்ணீர் போன்ற கசிவு, கண்மணி ஒன்று பெரிதாகத் தெரிவது, இவற்றில் எது இருந்தாலும் நேராக மருத்துவமனைக்கு. இரண்டு வயதுக்குள் தலையின் பக்கவாட்டிலோ பின்பக்கமோ மெத்தென்று வீங்கினால், நெற்றியில் வரும் புடைப்பைவிட அது கவலைக்குரியது, அன்றே காட்டுங்கள். ஒரு வயதுக்குள் என்றால் அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவரைக் கேட்டுவிடுவது நல்லது.

பூஸ்டர், தொங்கும் இருக்கை, ஹோட்டல்

சாதாரண நாற்காலியில் வைத்துக் கட்டும் பூஸ்டருக்கு இரண்டு பட்டை உண்டு: ஒன்று நாற்காலியின் முதுகைச் சுற்றி, இன்னொன்று இருக்கையின் அடியில். இரண்டும் வேண்டும். வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் பூஸ்டரைக் கட்டாதீர்கள். குழந்தை சாய்ந்தால் நாற்காலியும் சேர்ந்து சாயும். தரையில் வைக்கும் குட்டி இருக்கை தரைக்கு மட்டும்தான். பந்தி போல எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் வீடுகளுக்கு அது அருமையான ஏற்பாடு, ஆனால் அதைத் தூக்கி மேசை மேல் வைத்தால் ஹை சேரைவிட ஆபத்து. மேசை விளிம்பில் மாட்டித் தொங்கும் இருக்கை, கண்ணாடி மேசைக்கும் ஒற்றைக் கால் மேசைக்கும் ஆகாது.

ஹோட்டலில் கொண்டுவந்து போடும் மர ஹை சேரில் பல நேரம் பெல்ட் இருக்காது, இருந்தாலும் ஒரு முனை அறுந்திருக்கும். முதலில் ஆட்டிப் பாருங்கள், பிறகு பெல்ட்டைத் தேடுங்கள். எங்கும் கட்டிக்கொள்ளக்கூடிய துணி பெல்ட் ஒன்றைப் பையிலேயே வைத்துக்கொண்டால் சிக்கலில்லை. சர்வர் சூடான தட்டோடு வரும் வழியில் நாற்காலியைப் போடச் சொல்லாதீர்கள். சுவரோரம், உங்கள் கை எட்டும் இடத்தில், ஆனால் குழந்தையின் கால் சுவரை எட்டாதபடி. பெல்ட்டும் இல்லை, நாற்காலியும் ஆடுகிறது என்றால் திருப்பி அனுப்பிவிட்டு மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சாப்பிட, ஒருவர் பிடித்துக்கொள்ளலாம்.